முத்துக்குளித்துறைச் சாலைகள் – 17: ஒரு பணமும் மூன்று நாள் காவலும்

1544ஆம் ஆண்டு. தாமிரபரணி கடலில் சேரும் இடத்திலுள்ள புன்னைக்காயலில் மான்சிலாஸ் என்ற போர்த்துக்கீசியர் தங்கியிருந்தார். அவரை அங்கே அமர்த்தியவர் பிரான்சிஸ் சவேரியார். 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம் என்று ஊர் ஊராக நடந்துகொண்டே இருந்தார். மான்சிலாஸுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றில் சாராயம் பற்றிய ஓர் உத்தரவு இருக்கிறது. புன்னைக்காயலில் சாராயம் குடித்து அகப்படும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு பணம் அபராதம் கட்ட வேண்டும். அந்தப் பணம் அவளைப் பிடித்த காவலருக்கே போகும். அதோடு அவள் மூன்று நாள் காவலில் இருக்க வேண்டும். இதை ஊர் முழுக்கப் பறைசாற்றிவிட வேண்டும். இதற்குப் பிறகும் ஊரில் சாராயம் புழங்கினால் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிமார் பதில் சொல்ல வேண்டிவரும்.

பெண்களை மட்டும் குறிவைத்த உத்தரவு இது. கடலிலிருந்து ஏறிவந்து குடித்த ஆண்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அபராதத்தைப் பிடித்தவர் கையிலேயே கொடுப்பது லஞ்சத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிற ஏற்பாடு. நியாயத்தின் கண்ணால் பார்த்தால் இதில் குறைகள் ஏராளம். ஆனாலும் சட்ட வரலாற்றைப் படிக்கிறவர்கள் இதைச் சும்மா கடந்து போகக் கூடாது. தண்டனை சிறியது, அது எல்லாருக்கும் முன்பே தெரியும், பிடிபட்ட அன்றே அது தொடங்கிவிடும், ஊர்த்தலைவர்களும் அதற்குப் பொறுப்பு. இந்த நான்கும் ஒருசேர அமைந்த மதுச் சட்டம் இந்தக் கரையில் அதன் பிறகு நெடுங்காலம் வரவில்லை. கனமான தண்டனைகள் வந்தன. அவை தாமதமாக வந்தன, பல நேரம் வராமலே போயின. இந்த வாரம் பேசப்போவது அந்தத் தாமதத்தைப் பற்றி, அது சாலையில் எடுத்த உயிர்களைப் பற்றி.

மோட்டார் வண்டிக்கென்று இந்தியா முழுமைக்குமான முதல் சட்டம் 1914இல் வந்தது. அதன் இடத்தில் வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குக் குடித்துவிட்டு ஓட்டுவதைக் குற்றமாக்கியது. எந்த அளவு என்பதற்கு எண் எதுவும் இல்லை. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. அப்போது குடிப்பதே குற்றம், ஓட்டுவது அதன் மேல் இன்னொரு குற்றம். ஆனால் இரண்டையும் எப்படி நிரூபிப்பது? மருத்துவர் வாயருகே முகர்ந்து பார்ப்பார், கண்மணி விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார், நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். அந்தச் சான்றிதழ்தான் வழக்கின் உயிர். பம்பாயில் நடந்த ஒரு விபத்து வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் அந்த உயிரையும் பறித்துவிட்டது. சாராய வாடை, தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி இவை மட்டும் ஒருவர் மது அருந்தியதை நிரூபிக்கப் போதாது, ரத்தத்தைச் சோதித்திருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதே 1971 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மதுவிலக்கும் நிறுத்தி வைக்கப்பட்டது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு முதலில் ரத்தத்தில் துளி மது இருந்தாலும் குற்றம் என்றது. 1994இல் அதைத் திருத்தி, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தார்கள். ஊதிக் காட்டும் கருவி சட்டத்தில் இடம்பிடித்தது. குடித்து ஓட்டிய வழக்கில் தண்டனை பெற்றால் குறைந்தது 6 மாதத்துக்கு உரிமத்தைத் தகுதி நீக்கம் செய்ய வேண்டும் என்று 20ஆம் பிரிவு நீதிமன்றத்தைக் கட்டாயப்படுத்தியது. ஏட்டில் பார்த்தால் உலகின் கடுமையான சட்டங்களுள் ஒன்று. அன்று பிரிட்டன் எல்லை 80 மில்லிகிராம், நம்முடையது அதில் பாதிகூட இல்லை.

இதற்கிடையே கரை மாறிவிட்டது. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1974 ஜூலையில் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி, உப்பளங்களிலிருந்து உப்பு, பிறகு பெட்டகங்கள் என்று சுமை பெருகப் பெருக, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ராமநாதபுரத்துக்கும் போகும் சாலைகளில் லாரியும் டிரெய்லரும் இரவெல்லாம் ஓடத் தொடங்கின. அதே சாலையில்தான் உப்பளத்து வேலை முடிந்து வருகிறவர் சைக்கிளிலும், மீன் ஏலத்துக்குப் போகிறவர் பைக்கிலும் போனார்கள். 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனை முழுவதையும் அரசு நிறுவனமான டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2023–24இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். மதுவை விற்கிற கையும், குடித்து ஓட்டுகிறவரைப் பிடிக்கிற கையும் ஒரே அரசின் கைகள் என்பதை இந்தத் தொடரில் ஒருமுறையாவது வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இனிக் கொஞ்சம் வெளியே போய்வருவோம். குடித்து ஓட்டுவதைத் தடுக்க எது உதவும் என்ற கேள்விக்கு உலகம் அரை நூற்றாண்டாகச் சோதனை நடத்தியிருக்கிறது. நமக்குப் பாடம் அங்கே இருக்கிறது.

பிரிட்டனில் 1967 அக்டோபர் 9ஆம் தேதி ஊதல் கருவி நடைமுறைக்கு வந்தது. எல்லையை மீறினால் ஓராண்டுக்கு உரிமம் கிடையாது, கட்டாயம். சட்டத்தை நிறைவேற்றிய போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில். மதுக்கடைக்காரர்கள் கொதித்தார்கள், அமைச்சருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. முதல் ஆண்டில் சாலை மரணங்கள் ஆயிரத்துக்கும் மேல் குறைந்தன. ஹெச். லாரன்ஸ் ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அந்தப் புள்ளிவிவரங்களை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தார். வார இறுதி இரவுகளில், அதாவது குடி மிகுந்த நேரங்களில், விபத்து சடாரென்று விழுந்திருந்தது. குடி குறைந்த காலை நேரங்களில் மாற்றமே இல்லை. எனவே காரணம் சட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் சில ஆண்டுகளில் அந்தப் பலன் கரைந்தது. சட்டம் மாறவில்லை, தண்டனையும் குறையவில்லை. பிடிபடும் வாய்ப்பு தாங்கள் பயந்த அளவுக்கு இல்லை என்று ஓட்டுநர்கள் கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான். 1982இல் வெளியான தன் நூலில் ராஸ் இதை விரிவாக எழுதினார்.

அமெரிக்காவில் வேறொரு வழி பிறந்தது. 1976இல் மின்னசோட்டா மாநிலம், நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்காமல், சோதனையில் சிக்கிய ஓட்டுநரின் உரிமத்தை உடனே நிறுத்திவைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. குற்ற வழக்கு தனியே நடக்கட்டும், வண்டி ஓட்டும் அனுமதி அரசு கொடுத்தது, அதை நிர்வாகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்பது இதன் தர்க்கம். பின்னால் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதைப் பின்பற்றின. பல மாநிலங்களில் போலீஸ்காரர் சாலையிலேயே உரிம அட்டையை வாங்கிக்கொண்டு, சில நாட்களுக்கான தற்காலிகச் சீட்டைக் கொடுப்பார். அந்த நாட்களுக்குள் ஓட்டுநர் விசாரணை கேட்கலாம். கேட்டு வென்றால் அட்டை திரும்பும். இல்லாவிட்டால் நிறுத்தம் நடைமுறைக்கு வரும்.

இன்னொரு பக்கம், தண்டனை விதிக்கப்பட்ட பிறகு நீதிமன்றம் கட்டாயமாக உரிமத்தைப் பறிக்கும் சட்டங்களும் பல மாநிலங்களில் இருந்தன. ஆக இரண்டையும் ஒப்பிட வாய்ப்புக் கிடைத்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் வாகனார் தன் சக ஆய்வாளருடன் 46 மாநிலங்களின் 1976 முதல் 2002 வரையான தரவுகளை எடுத்து ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார். உடனடியாக உரிமத்தை நிறுத்திய சட்டங்கள், மது தொடர்பான உயிர்ப்பலி விபத்துகளை ஏறக்குறைய 5 சதவீதம் குறைத்திருந்தன. ஆண்டுக்குச் சுமார் 800 உயிர். தீர்ப்புக்குப் பிறகு உரிமத்தைப் பறித்த சட்டங்களால் கண்ணுக்குத் தெரியும் பலன் எதுவும் இல்லை.

இந்த முடிவை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஓட்டுநர் இழப்பது ஒரே உரிமத்தைத்தான். முன்பே வந்தால் உயிர் காக்கிறது, பின்னால் வந்தால் ஒன்றும் செய்வதில்லை. ஐந்து சதவீதம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு புதிய மருத்துவமனையும் கட்டாமல், ஒரு பாலமும் போடாமல், காகித வேலையின் வரிசையை மாற்றியதற்கே இது கிடைத்தது என்பதை நினைத்தால் அதன் கனம் தெரியும். மனிதர்கள் ஆறு மாதம் கழித்து வரப்போகும் தண்டனையை இன்று இரவு எண்ணிப் பார்ப்பதில்லை. நாளைக் காலை வண்டியை எடுக்க முடியாது என்பதை எண்ணிப் பார்க்கிறார்கள். பிடிபட்ட செய்தி உடனே வீட்டுக்கும் தெருவுக்கும் தெரிந்துவிடுவதும் சேர்ந்து வேலை செய்கிறது.

இந்தியாவில் இந்தத் திசையில் கதவைத் தட்டியவர் தமிழர் ஒருவர். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். நொறுங்கிய முதுகெலும்புகளையும் தொடைகளையும் ஆண்டுக்கணக்காகச் சேர்த்துத் தைத்தவர், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். சாலை மரணத்தை விதி என்று விட்டுவிடக் கூடாது, தடுக்கக்கூடிய நோயாக நடத்த வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த மனுவில்தான் 2014 ஏப்ரலில் நீதியரசர் கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2015 ஆகஸ்டில் அந்தக் குழு எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது: குடித்துவிட்டு ஓட்டுதல், அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், ஓட்டும்போது செல்போன் பேசுதல், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல், அதிக பாரம் ஆகியவற்றுக்கு உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்துங்கள். அதிகாரம் புதிதாக வேண்டியதில்லை. சட்டத்தின் 19ஆம் பிரிவு வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு அதை ஏற்கெனவே கொடுத்திருந்தது. பெட்டியில் பூட்டிக் கிடந்த அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்தச் சொன்னார்கள், அவ்வளவே.

தமிழ்நாட்டில் அது 2017 செப்டம்பரில் பெரும் பேச்சானது. அசல் உரிமம் கையில் இல்லாமல் யாரும் வண்டி ஓட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. அன்றைய டீக்கடைப் பேச்சு பலருக்கு இன்னும் நினைவிருக்கும். லாரி உரிமையாளர் சங்கங்கள் உயர் நீதிமன்றம் போயின. ஓட்டுநரின் அசலை உரிமையாளர் வாங்கி வைத்துக்கொண்டு, நகலைக் கொடுத்து வண்டியில் ஏற்றும் வழக்கம் லாரித் தொழிலில் இருந்ததும் அப்போது வெளியே வந்தது. தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களின் கவலை நியாயமானது. ஆனால் அந்த உத்தரவின் நோக்கம் கூச்சலில் மறைந்துபோனது. பறிமுதல் செய்ய அட்டை கையில் இருக்க வேண்டும், அதுதான் காரணம். அடுத்த ஆண்டே டிஜிலாக்கரில் உள்ள உரிமமும் செல்லும் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. நல்ல வசதிதான். இனி அட்டையைப் பிடுங்கி வைப்பதால் பயனில்லை, கணினிப் பதிவில் நிறுத்தம் ஏறினால்தான் உண்டு.

மதுக்கடைகளை நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2016 டிசம்பர் தீர்ப்பும் தமிழ்நாட்டில் தொடங்கிய வழக்கில் வந்ததுதான், மனுதாரர் வழக்கறிஞர் கே. பாலு. 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அவற்றை ஊருக்குள் திறக்கப் போனபோது பெண்கள் மறித்து நின்றார்கள். ஜூலையிலேயே நகராட்சி எல்லைக்குள் விதிவிலக்கு உண்டு என்று நீதிமன்றம் விளக்கம் தந்ததும் வேகம் தணிந்தது.

2019 திருத்தம் அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கியது. எல்லார் வாயிலும் அந்த எண்தான். ‘ஊதச் சொன்னான், பத்தாயிரம் போச்சு’ என்பதே தெருவில் கேட்கும் பேச்சு. அதைவிட முக்கியமான வரி ஒன்று அதே திருத்தத்தில் 206ஆம் பிரிவில் சேர்ந்தது. குடித்து ஓட்டியவரின் உரிமத்தைப் போலீஸ் அதிகாரி கைப்பற்றி, தகுதி நீக்கத்துக்காக உரிம அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அது. மின்னசோட்டா வழி இந்தியச் சட்டத்துக்குள் பாதி தூரம் வந்துவிட்டது. மீதிப் பாதி ஏன் வரவில்லை என்பதை 2022இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. போலீஸ் கைப்பற்றலாம், நிறுத்த முடியாது. நிறுத்துவது உரிம அதிகாரியின் வேலை, அதுவும் ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்ட பிறகே. தீர்ப்பு சரியானது. சிக்கல் அந்தக் ‘கேட்ட பிறகு’ என்பதில் இருக்கிறது. எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நோட்டீஸ் போய், பதில் வந்து, உத்தரவு போட்டு, கணினியில் ஏறுவதற்குள் வாரங்கள் போகலாம், மாதங்களும் போகலாம். அதுவரை அவர் ஓட்டிக்கொண்டிருப்பார்.

தண்டனையின் கனத்தை ஏற்றுவதில் நம் சட்டமன்றங்களுக்கு ஆர்வம் குறைவதே இல்லை. புதிய குற்றவியல் சட்டத்தில் மோதிவிட்டு ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற பிரிவு வந்தது. 2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்தப் பிரிவு இன்னும் நடைமுறைக்கு வராமல் நிற்கிறது.

இனிக் கணக்கு. தமிழ்நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 2016இல் 17,218 பேர். 2019இல் 10,525. உரிம நிறுத்தம் தீவிரமான காலமும் இதுவே. ஆனால் அதே காலத்தில் 108 ஆம்புலன்ஸ், விபத்துச் சிகிச்சை மையங்கள், நெடுஞ்சாலை ரோந்து எல்லாம் வலுப்பெற்றன, கடைகளும் இடம் மாறின. எந்தக் காரணத்துக்கு எத்தனை உயிர் என்று பிரித்துச் சொல்லும் நிலையில் நம் பதிவுகள் இல்லை. 2022இல் எண்ணிக்கை 17,884க்கு ஏறிவிட்டது. அந்த ஆண்டு இந்தியா முழுவதும் இறந்த 1,68,491 பேரில் குடிபோதையால் இறந்தவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 2.5 சதவீதம் மட்டுமே. இந்த எண்ணை நம்பி யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

ஏன் என்று பார்ப்போம். வைப்பாறு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு ஒரு மோதல் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 108 வந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறது. பணியிலிருக்கும் மருத்துவர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் காயங்களை எழுதுகிறார், ‘மது வாடை உண்டு’ என்று ஒரு வரி சேர்க்கலாம், சேர்க்காமலும் போகலாம். ரத்தத்தில் மது மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம் குறைந்துகொண்டே போகும். இரண்டு மணி நேரம் தாமதித்தால் நம் சட்டம் வகுத்த 30 மில்லிகிராம் எல்லையளவு மது உடலிலிருந்தே போய்விடும். கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் சோதனைக்கு உட்படுத்தாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று 202ஆம் பிரிவு சொல்வதும் இதை அறிந்துதான். இறந்தவரே ஓட்டியவராக இருந்தால், குடும்பத்துக்குக் கிடைக்கும் ஏ.ஆர். காப்பியில் அந்த ஒரு வரி இருப்பதும் இல்லாததும் காப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்கும். கணவரை இழந்து மூன்று பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்து அந்த வரியை எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? கருணையால் விடுபட்ட வரிகள் சேர்ந்து சேர்ந்து, நோயே இல்லை என்று சொல்லும் கணக்காகிவிடுகின்றன. காப்பீட்டு விதிகளை மாற்றி, பதிவை இழப்பீட்டிலிருந்து பிரிக்காதவரை இந்தப் பொய்க் கணக்கு தொடரும்.

உரிமத்தை உடனே நிறுத்துவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதை ஆதரிக்கிறவர்கள் ஓட்டுநரின் அடுப்பையும் பற்றிப் பேசக் கடமைப்பட்டவர்கள். கார் வைத்திருக்கும் மருத்துவருக்கு மூன்று மாத நிறுத்தம் என்றால் ஆட்டோ செலவு. டிரெய்லர் ஓட்டுகிறவருக்கு அது மூன்று மாதப் பட்டினி. விபத்து நடந்து முதல் தகவல் அறிக்கை பதிவானது என்ற ஒரே காரணத்துக்காகப் பேருந்து ஓட்டுநர்களின் உரிமத்தை நிறுத்திய உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது, அது சரியே. குற்றம் யார் மீது என்று தெரியாத விபத்தும், கருவியில் ஊதி எண் தெரிந்துவிட்ட சோதனையும் ஒன்றாகா. இரண்டாவதில் மட்டும் வேகம் வேண்டும். பிடிபட்ட இடத்திலேயே நோட்டீஸ், கருவியின் அச்சுச் சீட்டு ஓட்டுநர் கையில், ஏழு நாளுக்குள் டி.என். 69 பதிவெண் எல்லைக்கென்றால் தூத்துக்குடியிலும், 92க்குத் திருச்செந்தூரிலும், 96க்குக் கோவில்பட்டியிலும் நேர் விசாரணை, அன்றே உத்தரவு, அன்றே கணினியில் பதிவு. கருவி தவறு என்று நிரூபித்தால் அன்றே உரிமம் திரும்ப வேண்டும். உரிமம் இல்லாமலே ஓட்டுவோம் என்று துணிகிறவர்கள் இருப்பார்கள், எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க, வாகைக்குளம் சுங்கச்சாவடி போன்ற இடங்களில் இரவில் நின்று பார்க்கும் போலீஸ் வேண்டும். பிரிட்டனில் 1967க்குப் பிறகு சில ஆண்டுகளில் கரைந்துபோனது பிடிபடுவோம் என்ற இந்தப் பயம்தான்.

சவேரியாரின் உத்தரவில் பட்டங்கட்டிமாருக்கு இருந்தது போன்ற ஊர்ப் பொறுப்பு என்ற ஒன்றும் இருக்கிறது. லாரி உரிமையாளரும், பெட்டகம் ஏற்றுமதி செய்யும் நிறுவனமும், வண்டியை ஏற்பாடு செய்யும் புக்கிங் ஆபீஸும் ஓட்டுநர் குடித்திருக்கிறாரா என்று புறப்படும்போது பார்க்க இன்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. வாயில் கதவைத் தாண்டும் முன் ஊதிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். ஆனால் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டிவந்தார் என்பதை ஊதிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. துறைமுக வாசலில் வரிசையில் காத்துக் கிடக்கும் ஓட்டுநர்களின் தூக்கம் பற்றி அடுத்த இதழில் பார்ப்போம்.